மூலை வீட்டுக்காரர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் அப்பாவும் அங்கே சுகம்தானே? நான் கிளம்பி வந்த பிறகு வீடு மாறிவிட்டீர்கள். உறையில் முகவரி எழுதும்போது யாரோ முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதுவது போல இருக்கிறது.

போன் வேண்டாம், கடிதம் எழுது என்று அப்பா சொன்னது நல்லதாகப் போயிற்று. விடுதியில் இருப்பது ஒரே போன், அதுவும் வார்டனின் மேஜை மேல். நம் பேச்சு ஒன்றும் புரியாவிட்டாலும் மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார்.

எங்களை வார்டுக்கு விட்டுவிட்டார்கள். நர்சிங் வகுப்பில் ஆண்பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். கனமான ஆளைத் தூக்க வேண்டுமென்றால் மட்டும் எங்கள் ஞாபகம் எல்லோருக்கும் வந்துவிடும். எங்கள் டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. நோயாளியின் பெயர் வார்டு வாசலைத் தாண்டக் கூடாதாம், வீட்டுக்கு எழுதும் கடிதத்தில்கூட. அதனால் நானே பட்டப்பெயர் வைத்துவிட்டேன். ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவர் ஜன்னல்காரர். காதோடு ரேடியோ வைத்திருப்பவர் ரேடியோ அம்மா.

நேற்று ஜன்னல்காரரைப் புரட்டிப் படுக்கவைத்தோம். டீச்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டிப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவர்களுக்கு அப்பா கையை ஆட்டிக்கொண்டே "வரலாம்... வரலாம்... நிக்கட்டும்!" என்று குரல் கொடுப்பாரே, அதுதான் எனக்குள் ஓடியது. சிரிப்பை அடக்கப் பெரும் பாடாகிவிட்டது.

ஸ்டியரிங் சுற்றிச் சுற்றியே தேய்ந்துபோன அப்பாவின் இடது தோளை நான் விசாரித்ததாகச் சொல்லவும். புதுக் கட்டிலாவது அதற்கு மரியாதை கொடுக்கிறதா?

இப்படிக்கு,
உன் தம்பி

*

மார்ச் 3

அன்புத் தம்பி குண்டூசிக்கு,

சுகம் என்று எழுதியிருக்கிறாய். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று எழுதவில்லை. நாங்கள் இருவரும் நலம்.

வீடு சின்னதுதான். குழாயைத் திறந்தால் ஒரு கூச்சல் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் வரும். நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு நடந்தே போய்விடலாம். பிரேம் மாட்டுவது, லென்ஸ் துடைப்பது, "இப்ப நல்லாத் தெரியுதா?" என்று ஊருக்கெல்லாம் கேட்பது, எல்லாம் பழையபடிதான். அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் பரீட்சை வைக்கிறார். "இவனுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பார் என்று எனக்குக் கணக்கே இல்லை.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். 'வரலாம், வரலாம்' வந்ததும், "நிறுத்து. அதை மட்டும் இன்னொரு தடவை படி" என்றார். பிறகு, "ஊசி போடப் போறேன்னு போனான், அங்கயும் நம்ம டிப்போ வேலையைத்தான் பாக்கறான்" என்று ஒரே சிரிப்பு.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். இந்தத் தெருவில் ஒருவர் இருக்கிறார். உன் டீச்சரின் வழக்கப்படி நானும் பெயர் சொல்லவில்லை. மூலை வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள். அவருக்குச் சாயங்காலமானால் கால் வீங்கிவிடுகிறது, செருப்பு நுழைவதில்லை. ரெண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். கண்ணும் லேசாக மஞ்சள். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உன் விசாரிப்பை அப்பாவின் தோள் ஏற்றுக்கொண்டது.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சாப்பிடுகிறேன், போதுமா? அங்கே எல்லோரும் சுகம்தானே?

குடிபோன கையோடு தெரு விவகாரமெல்லாம் உன் கைக்கு வந்துவிட்டதா, கலெக்டரம்மா? மூலை வீட்டுக்காரரைப் படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளச் சொல். உப்பைக் குறைக்கட்டும். ஒரேயடியாகத் தட்டு நிறைய வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கட்டும். ஆனால் கால் வீக்கமும் கண் மஞ்சளும் சேர்ந்து வந்தால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்.

எனக்கு ஆகஸ்டில் பரீட்சை. வார்டில் நிற்க வேண்டிய மணி நேரம் ஒன்றுகூடக் குறையக் கூடாதாம். குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், இந்த வருடப் படிப்பே போய்விடும். போன வாரம் காய்ச்சலோடு போய் நின்றேன். டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நர்ஸா, நோயாளியா, ஏதாவது ஒண்ணா இரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நேரத்தை ஞாயிற்றுக்கிழமை நின்று ஈடுகட்டினேன்.

ஜன்னல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அந்த மொழி எனக்கு இன்னும் பாதிதான் புரிகிறது. அவர் சொன்னது அந்தப் பாதியில் இல்லை.

இடது தோளுக்கு என் அன்பான விசாரிப்பு.

தம்பி

*

ஏப்ரல் 13

அன்புத் தம்பிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. அதனால்தான் என்னால் எழுத முடிகிறது.

மூலை வீட்டுக்காரர் நம் அப்பாதான். தெரு முடிகிற மூலையில் இருப்பது நம் வீடுதான். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்று நீ எழுதுவதற்கு முன்பே காட்டியாகிவிட்டது. ஈரலில் கட்டி, பரவியும்விட்டது. வெட்டி எடுக்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டதாம். எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் கேட்டேன். "பாப்போம்மா" என்று எழுந்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று வெளியே வந்து அப்பாதான் எனக்கு விளக்கினார்.

"அவனுக்கு எழுதாதே" என்றார். "எழுதினா அடுத்த நாளே வந்து நிப்பான். பரீட்சை போயிடும், வருஷமும் போயிடும். நான் போறப்ப அவன் படிப்பையும் கூட்டிக்கிட்டா போகணும்?" என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அழுதேன். "கலெக்டர் அழுதா ஆபீஸ் என்ன ஆகும்?" என்று கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மூலை வீட்டுக்காரர் என்ற பட்டப்பெயரும் அவர் வைத்ததுதான். "டீச்சரம்மா நல்ல வழி காட்டியிருக்காங்க. பேரைச் சொல்லாம கேளு. அவன் வைத்தியம் எனக்குக் கெடைச்ச மாதிரியும் இருக்கும், அவனுக்குத் தெரியாத மாதிரியும் இருக்கும்." எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நீ எழுதியபடி காலை உயர்த்தி வைத்த அன்றைக்குத்தான் முனகாமல் தூங்கினார். அதனால் இனிமேலும் கேட்பேன். உன்னை ஏமாற்றித்தான் கேட்பேன்.

டேய், ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டா.

*

ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? காய்ச்சலை மறைத்துக்கொண்டு வார்டில் போய் நிற்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே.

காலை உயர்த்தி வைத்ததில் மூலை வீட்டுக்காரருக்கு நல்ல குணம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். இப்போது பெரும்பாலும் படுக்கைதான். இடுப்புக்குக் கீழே முதுகுத் தோல் சிவந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள மகள் ஒருத்திதான். ஒற்றை ஆளாக, அவ்வளவு பெரிய மனிதரை வலிக்காமல் புரட்டுவது எப்படி?

அப்பா சொல்கிறார்: "இலவச வைத்தியம்னா மூலை வீட்டுக்காரனுக்கு ரொம்பப் பிடிக்கும். நீ சொல்லிக் குடு, நர்ஸ் சார்."

தோள் பரவாயில்லை.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பது சந்தோஷம்.

மூலை வீட்டுக்காரருக்கு வருவோம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கச் சொல். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண்ணாகப் போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது. ஒரே பக்கம் கிடக்கவிடாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்கவைக்க வேண்டும்.

புரட்டுவதற்குப் பலம் வேண்டாம், ஒரு போர்வை போதும். அதை மடித்து அவர் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்துவிட வேண்டும். அவர் முழங்காலை மடக்கிவிட்டு, போர்வையின் எதிர்ப்பக்கத்து ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் ஆள் தானாகச் சாய்ந்துவிடுவார். சாய்ந்ததும் முதுகுக்குத் தலையணை. அந்தப் பெண் தன் முதுகை வளைக்காமல் காலை மடக்கி நிற்கட்டும். இல்லாவிட்டால் அடுத்து அவளுக்குத்தான் கட்டில் போட வேண்டும்.

அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாதா? ஒரு பெண்ணைத் தனியாகத் தவிக்கவிட்டு எங்கே போய்த் தொலைந்தார்கள்? இங்கேயும் அப்படி வருகிறவர்கள் உண்டு. எல்லாம் முடிகிற நேரத்தில் ஓடிவந்து, எங்களிடம் சத்தம் போடுவார்கள்.

தோளுக்கு விசாரிப்பு. 'பரவாயில்லை' என்றால் என்ன அர்த்தம்? முன்பெல்லாம் அது பதிலுக்கு நக்கலடிக்குமே.

தம்பி

*

மே 29

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருக்கிறான். தூரத்தில் இருக்கிறான். அவனால் வர முடியாது. அவன்மேல் தப்பு ஒன்றும் இல்லை, நீ அவனைத் திட்டாதே.

போர்வை யோசனை நன்றாக வேலை செய்கிறது. இழுத்தால் சுலபமாகச் சாய்கிறார். அவரும் சும்மா இருப்பதில்லை, "வரலாம், வரலாம், நிக்கட்டும்" என்று குரல் கொடுக்கிறார். ஆனால் இப்போது பகலெல்லாம் தூக்கம். கஞ்சியை ஊட்டினால் வாயிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறார். விழித்தால் காலையா மாலையா என்று கேட்கிறார். அடுத்து என்ன வரும், என்ன செய்வது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ரொம்பப் பயமாக இருக்கிறதாம்.

அப்பா தூங்குகிறார். அதனால் இந்தத் தடவை அவர் சொல்கிறது ஒன்றும் இல்லை.

அக்கா

*

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதினேன். நீ நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மூலை வீட்டுக்காரருக்கு இது கடைசிக் கட்டம். அந்தப் பெண் கேட்டதால் ஒளிக்காமல் சொல்கிறேன். சாப்பாட்டைத் திணிக்க வேண்டாம். உடம்புக்குத் தேவைப்படாமல் போகிறது, அவ்வளவுதான். அவள் சரியாகக் கவனிக்காததால் அல்ல, இதை அவளிடம் இரண்டு தடவை சொல். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் தொட்டு உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கட்டும். வலி மருந்தை வலி வந்த பிறகு கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாமல், டாக்டரிடம் கேட்டு நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும்.

புரட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது பக்கம் அதிகம் வேண்டாம், அந்தத் தோள் பாரம் தாங்காது. சாய்த்தே ஆக வேண்டுமென்றால், கையை முன்னால் எடுத்து மார்போடு ஒரு சின்னத் தலையணை கொடுத்து, அதன்மேல் கையை வைக்க வேண்டும். மெதுவாக.

அவர் தூங்குகிறார் என்று நினைத்து யாரும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கண் மூடியிருந்தாலும் காது கேட்கும் என்று எங்கள் டீச்சர் சொல்கிறார். பேச வேண்டும். பேச ஒன்றும் இல்லையென்றால் ஏதாவது படித்துக் காட்டலாம்.

அவருடைய மகனுக்குச் சொல்லிவிடுவது நல்லது. படிப்போ, வேலையோ, என்னவாக இருந்தாலும் அவன் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வான். இங்கே வாசலில் வந்து நின்று, "ஏன் எனக்குச் சொல்லல?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அக்கா. 

நீ நேரத்துக்குச் சாப்பிடு. முடிந்தபோது தூங்கு.

தம்பி

*

செப்டம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. படிப்பை மறுபடி எந்த மாதத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்? டீச்சர் கோபித்துக்கொண்டாரா? இங்கே நான் நன்றாக இருக்கிறேன்.

நீ இங்கே இருந்தபோது நாம் பேசிக்கொள்ளவே இல்லை. முதலில் அப்பாவைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. பிறகு வீடு நிறைய ஆட்கள். அன்றைக்கு ஏன் திடீரென்று விடுதிக்குப் போன் செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நானாகச் சொல்கிறேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்ததும் முதலில் நான் தனியாகப் படித்தேன். பின்கட்டில் உட்கார்ந்து அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்கக் கூடாததை விட்டுவிட்டு மீதியைத்தான் படித்தேன். அப்பா கண்ணை மூடியபடியே, "ரெண்டு தாள் பிரிச்ச சத்தம் கேட்டுச்சே, ஒண்ணுதானே படிச்சே?" என்றார். ஒன்றும் இல்லைப்பா என்றேன். "படி" என்றார். டிப்போக் குரல். படித்தேன். கடைசிக் கட்டம் என்பதையும் படித்தேன். அவர் முகம் மாறவே இல்லை. "டாக்டர் சுத்தி வளைச்சாரு. இவன் நேரா சொல்றான். அதுதான் நல்லது" என்றார்.

பிறகு, "கடைசியில என்னை விசாரிச்சிருக்கானா?" என்று கேட்டார். தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அவசரத்தில் மறந்திருப்பான் என்றேன்.

"தோளை?"

"தோள் இருக்குப்பா. ஆனா அது மூலை வீட்டுக்காரருக்குச் சொன்னதுல இருக்கு."

"மூலை வீட்டுக்காரனுக்கு இடது தோள் சரியில்லேன்னு நீ என்னைக்காவது எழுதினியா?"

நான் எழுதவே இல்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அப்பா சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "விசாரிச்சுட்டான்மா. எங்க விசாரிக்கணுமோ அங்க விசாரிச்சுட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போனைப் போடு. வரட்டும்" என்றார்.

பரீட்சை என்ன ஆவது என்று கேட்டேன். என் கையில் இருந்த உன் கடிதத்தைக் காட்டி, "அதான் எழுதி அனுப்பிட்டானே. பாஸ்" என்றார். அப்போதே கடைக்கு ஓடி, அங்கிருந்துதான் உன்னைக் கூப்பிட்டேன்.

உனக்கு எப்போது தெரிந்தது? தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்கக்கூடிய இடத்தில் நானும் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். வேலை எப்போதும் போலத்தான். மேல் தட்டில் இருக்கும் பிரேம் பெட்டிகள் மட்டும் எட்டுவதில்லை, முதலாளியே எடுத்துக் கொடுக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதுவது வழக்கம். பாதி சுகம். சாப்பிடுகிறேன், தூக்கம்தான் சரியாக இல்லை.

ஜனவரியிலிருந்து இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். அதுவரைக்கும் வார்டில் நின்று பழகலாம் என்று டீச்சர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "உன்னோட நோயாளி எப்படி இருந்தார்?" என்று மட்டும் கேட்டார். வலி இல்லாமல் போனார் என்றேன். பெயரைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

எப்போது தெரிந்தது என்று கேட்டிருக்கிறாய். மூலை வீட்டுக்காரர் 'நிக்கட்டும்' என்று குரல் கொடுப்பதாக நீ எழுதினாயே, அங்கேதான். உலகத்தில் அப்படிச் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வார்டனின் மேஜைக்குப் போய் போனை எடுத்தேன். உன் கடை எண்ணில் பாதியைச் சுற்றிவிட்டு வைத்துவிட்டேன். கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்பா உன்னிடம் நிச்சயம் வாங்கியிருக்கும் வாக்கை உடைக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அவர் மூலை வீட்டுக்காரராக இருக்கும்வரை எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. அப்பா என்று நினைத்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை. அதனால்தான் மூலை வீட்டுக்காரரின் மகனைக் கூப்பிடச் சொன்னேன். என்னைக் கூப்பிடு அக்கா என்று கெஞ்சியது அது.

நான் வந்த அன்று தெருவில் இறங்கி யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக மூலை வீட்டுக்கு வந்தேன். நீ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாய். அப்பா கண்ணைத் திறந்து, "பரீட்சை?" என்றார். அடுத்த தடவை எழுதிக்கறேன்பா என்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "சரி, வந்த வேலையைப் பாரு. புரட்டு" என்றார். போர்வையை இழுத்தேன். குரல் கொடுக்க அவருக்கு மூச்சு இல்லை. அதனால் நான்தான் கொடுத்தேன். 'நிக்கட்டும்' என்றதும் என் கையை ஒரு தட்டுத் தட்டினார். அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

இங்கே ஜன்னலோரக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். புரட்டும்போது வாய்விட்டே 'வரலாம், வரலாம்' என்கிறேன். நம் மொழியில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் 'நிக்கட்டும்' என்றால் நின்றுவிடுகிறார்.

மேல் தட்டுப் பெட்டி எட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ என்னைவிட உயரம், அக்கா. இத்தனை மாதம் ஒற்றை ஆளாக அவரைப் புரட்டியிருக்கிறாய். எந்தத் தோள்? வலதா, இடதா? கையை எதுவரைக்கும் தூக்க முடிகிறது, இருமினால் வலிக்கிறதா, அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா, எல்லாம் எழுது. மூலை வீட்டுக்காரர், கடைக்காரர், அடுத்த தெருக்காரர் என்று யாரையும் கொண்டுவராதே. நன்றாக இருக்கிறேன் என்றும் எழுதாதே.

உன் தோளை நான் விசாரித்தேன்.

தம்பி